எலும்பு முனைச் சாமணம் பற்றி ஒரு வாக்குமூலம்

1.

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். முதலாவது, நான். முப்பத்தொரு ஆண்டு எடை அளவுத் துறையில் வேலை பார்த்து, முதுநிலை ஆய்வாளராக ஓய்வு பெற்றவள். இரண்டாவது, என் தம்பி. பல் மருத்துவர், அவனும் ஓய்வு பெற்றுவிட்டான், அவன் வாய் மட்டும் இன்னும் பெறவில்லை. மூன்றாவது, அவன் மகள். இயற்பியல் ஆராய்ச்சியாளர், நாற்பத்தொரு வயது, முனைவர் பட்டம், சொந்த ஆய்வுக்குழு, எல்லாம் இருந்தும் வீட்டில் இன்றுவரை பொடிசு. நான்காவது, அவளுடைய துறைத் தலைவரான பேராசிரியர். ஐந்தாவது, அங்கே குளிர்விக்கும் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன். ஆறடிக்கு மேல் உயரம், எந்நேரமும் திரவ ஹீலியத்தோடு புழக்கம்; அதனால் பனிக்கரடி என்று பெயர். அவரும் அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்க்கிறார்.

ஆறாவதாக யாரும் இல்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவர்களும் இல்லை. அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. இதை முதலிலேயே பதிவு செய்வதற்குக் காரணம், அங்கே நடந்ததைக் கண்ணால் கண்டதாகச் சொல்லும் உறவினர்கள் இதுவரை பதினான்கு பேர்.

கதை பிறந்த விதத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஒரு குடும்ப விருந்து. யாரோ ஒருவருடைய புது மாப்பிள்ளை என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, நான் யாரென்று தெரியாமல், என் கதையை எனக்கே சொன்னார். அவர் சொன்னதில் என் கொண்டை ஊசிகள் காந்தத்தை நோக்கிப் பறந்தன. இயந்திரம் புகைந்தது. பேராசிரியர் மேசைக்கு அடியில் ஒளிந்துகொண்டார். குறை சொல்லக் கூடாது, சுவையாகத்தான் சொன்னார். முடித்துவிட்டு, "அந்த அம்மா இப்ப எங்க இருக்காங்களோ" என்று பெருமூச்சு விட்டார்.

"உங்க இடது பக்கம்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன்.

2.

கதை எழுதிப் பழக்கமில்லை. அறிக்கை எழுதித்தான் பழக்கம். ஆகவே என் துறையின் விதியை இங்கேயும் கடைப்பிடிக்கிறேன். பதிவேட்டில் தவறாக ஒன்றை எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது, சுரண்டக் கூடாது, மேலே வெள்ளை பூசக் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு, அடித்தது என்னவென்று எவரும் படிக்கும்படி விட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும். எனவே நான் தொடங்கிக் கைவிட்ட வாக்கியங்களும் உங்கள் கண்ணில் படும்.

(அடித்தது: "நேர்மைக்குப் பெயர்போன ஒரு குடும்பத்தில் ஒரு நாள்—" நம் பெயரை நாமே சொல்லிக்கொள்வது அழகில்லை.)

(அடித்தது: "எலெக்ட்ரான் என்பது ஒரு சின்னஞ்சிறு உருண்டை. அது கம்பிக்குள்—" இதன் ஓரத்தில் பொடிசு பென்சிலில் எழுதியிருப்பது: "உருண்டை இல்லை அத்தை. இந்த வரி இருந்தா என் பேரை எடுத்துடுங்க.")

(அடித்தது: "காலை ஏழரை மணிக்கு என் தம்பி ஒரு தோசைக்கல்லைப் போல முகத்தை வைத்துக்கொண்டு—" உவமை எனக்கு வரவில்லை. தவிர, அவன் முகம் அன்று நிஜமாகவே பாவமாக இருந்தது.)

பொடிசு இந்தப் பிரதியைப் படித்து அறிவியலை மட்டும் திருத்துவது என்று ஒப்பந்தம். அவள் ஒப்பந்தத்தை மீறிய இடங்களையும் அப்படியே விட்டிருக்கிறேன்.

3.

பொடிசு என்ன வேலை செய்கிறாள் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் மேலே போக முடியாது. நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன்.

சுண்டுவிரல் நகத்தின் அளவுக்கு ஒரு சில்லு. அதன் மேல் ஒரு ஆக்சைடுப் படலத்தைப் படிய வைக்கிறாள். படலத்தின் கனம் ஏழு நானோமீட்டர். ஒரு தலைமுடியைப் பத்தாயிரம் ஏடாகச் சீவினால் ஒரு ஏடு ஏறக்குறைய அந்தக் கனம் வரும். கட்டியாக இருக்கும்போது அந்தப் பொருளுக்குக் காந்தத் தன்மை கிடையாது. இவ்வளவு மெல்லிதாக்கினால் வருமா என்பதுதான் கேள்வி.

விடை காண இரண்டு வழி. ஒன்று, சில்லை அப்படியே ஒரு காந்தமானியில் போட்டு, "உன்னிடம் மொத்தமாக எவ்வளவு காந்தம் இருக்கிறது" என்று கேட்பது. இது தராசு போல. இன்னொன்று, படலத்தின் நடுவே எலெக்ட்ரான்களை ஓடவிட்டு, அவை போகிற போக்கைப் பார்ப்பது. இதை எனக்கு விளக்க அவள் சொன்னது: நீளமான வராந்தா ஒன்றில் கூட்டம் நடந்து போகிறது; தரை ஒரு பக்கம் சரிந்திருந்தால் கூட்டம் தன்னையறியாமல் அந்தப் பக்கம் ஒதுங்கும். படலம் காந்தமாக இருந்தால், வெளியே வைத்த காந்தத்தை எடுத்த பிறகும் எலெக்ட்ரான்கள் ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டே இருக்கும்.

[பொடிசு பென்சிலில்: "பரவாயில்லை. என் மாணவர்களைவிடத் தேவலை."]

எட்டு மாதமாக நடந்தது இதுதான். காந்தமானி, "காந்தம் இருக்கிறது" என்றது. ஒரு சில்லில் அல்ல, பதினொரு சில்லில். அவள் கட்டுரை எழுதினாள். பெரிய மாநாடு ஒன்றில் பேச அழைப்பு வந்தது. எங்கள் வீட்டில் தம்பி நோயாளிகளுக்குப் போன் போட்டுச் சொன்னான். இருபது வருஷத்துக்கு முன் கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொண்டவர்களுக்குக்கூட. நான் அப்படியெல்லாம் செய்யவில்லை. கேட்டவர்களிடம் மட்டும் சொன்னேன். கேட்கும்படி பேச்சை நடத்தினேன் என்பது வேறு விஷயம்.

ஆனால் எலெக்ட்ரான்கள் மட்டும் ஒத்துழைக்கவில்லை. எந்தப் பக்கமும் ஒதுங்காமல், ஒன்றுமே நடக்காதது போல நேராகப் போயின. அளவு மிகச் சிறியதாக இருக்கும், அடுத்த வருஷம் இன்னும் நுட்பமாக அளந்தால் தெரியும் என்று கட்டுரையின் கடைசிப் பத்தியில் அவள் எழுதியிருந்தாள். அந்தப் பத்தியை எழுத அவளுக்கு மூன்று வாரம் ஆனதாம்.

4.

இப்போது சாமணம். சாமணம் என்றால் நுனி ஒல்லியான சின்ன இடுக்கி. தங்க வேலை செய்கிறவர்கள் மேசையில் பார்த்திருப்பீர்கள். எங்கள் துறையில் மில்லிகிராம் எடைகளை விரலால் தொடக் கூடாது. விரலின் ஈரம் ஏறிவிடும். இரும்பாலும் தொடக் கூடாது. கீறல் விழுந்தால் எடை குறையும். அதனால் சாமணத்தின் இரண்டு நுனியிலும் எலும்பில் செய்த முனை பொருத்தியிருக்கும். முப்பத்தொரு வருஷம் என் கையில் இருந்தது அப்படிப்பட்ட ஒன்று. ஓய்வு பெறும்போது துறையிடம் எழுதிக் கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்கி எடுத்து வந்தேன். (எழுதாமல் எடுத்து வந்ததாகவும் ஒரு பேச்சு உண்டு. அனுமதிக் கடிதம் என்னிடம் இருக்கிறது.)

பொடிசுக்குச் சொந்தமாக ஆய்வுக்குழு கிடைத்தபோது அதை அவளுக்குப் பரிசாக அனுப்பினேன். அவள் சின்ன வயதில் அதைத் தொட ஆசைப்பட்டு என்னிடம் வாங்காத திட்டில்லை.

அவர்கள் ஆய்வுக்கூடத்தின் சுவரில் கொட்டை எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: காந்த அளவீட்டுக்கான சில்லுகளை உலோக இடுக்கியால் எடுக்கக் கூடாது. எஃகு இடுக்கியின் நுனி சில்லின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத இரும்பை விட்டுவிடும் என்பதால் எல்லாரும் பிளாஸ்டிக் இடுக்கிதான். பொடிசு மட்டும் என் சாமணம். எலும்பில் ஏது இரும்பு? விதியை அவள் மீறவில்லை. இதை யாரும் மறக்கக் கூடாது.

5.

கதையில் இனி ஒரு வில்லன் வர வேண்டும். முதல் பிரதியில் பேராசிரியரைத்தான் அந்த இடத்தில் வைத்திருந்தேன். அடர்ந்த மீசை, கனத்த குரல், சுழல் நாற்காலி.

[பொடிசு பென்சிலில்: "அவருக்கு மீசையே இல்லை. நாற்காலி உடைஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு, ஸ்டூல்லதான் உக்காந்திருக்கார்."]

சரி. மீசையை அடித்துவிட்டேன். ஆனால் அன்று காலை அவருடைய அறையை நோக்கிப் படியேறியபோது என் மனதில் மீசை இருந்தது என்பது உண்மை.

படியேறக் காரணம் ஒரு கடிதம். வேறொரு ஆய்வுக்கூடம், பொடிசு எழுதிய செய்முறையை வரிக்கு வரி பின்பற்றிப் படலம் செய்து பார்த்ததாம். காந்தம் துளியும் இல்லை. அவர்கள் பேராசிரியருக்கு எழுதிய கடிதத்தில், அளவீட்டில் பிழை இருக்கலாம், அல்லது அளந்தவர் விரும்பிய விடையை வரவழைத்திருக்கலாம் என்று ஒரு வரி. இதைத் தம்பி காலை உணவின்போது என்னிடம் சொன்னான். சொல்லிவிட்டு, "பொடிசு ரெண்டு நாளா சாப்பிடலையாம்" என்றான்.

அளந்தவர் விரும்பிய விடை. என் துறையில் ஒருவரைப் பற்றிச் சொல்லக்கூடிய மிகக் கேவலமான வார்த்தை அது. என் அப்பா நில அளவையாளர். நான் எடை. தம்பி பல்லை அளந்து பல் கட்டியவன். எங்கள் குடும்பத்தில் அளவில் கை வைத்தவர்கள் இல்லை. நான் புடவை மாற்றிக்கொண்டு, "வண்டியை எடு" என்றேன். எங்கே என்று அவன் கேட்கவில்லை.

போகும் வழியெல்லாம் பேராசிரியரிடம் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்தேன். எழுத்தில் மன்னிப்பு வேண்டும், தேதி போட்டு. அதற்குக் குறைந்து திரும்புவதில்லை. சிவப்பு விளக்கில் நின்றபோது தம்பி, "அக்கா, நீ திட்டும்போது நான் உள்ள இருக்கணுமா, வெளிய இருக்கணுமா?" என்று கேட்டான். உள்ளே இருந்து சாட்சி சொல்லச் சொன்னேன்.

6.

காந்தமானி இருக்கும் அறைக்குத்தான் எங்களை அனுப்பினார்கள். பேராசிரியர், பொடிசு, பனிக்கரடி மூவரும் அங்கே கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஒரு தட்டு. கைக்கடிகாரம், சாவி, போன் எல்லாவற்றையும் அதில் வைத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும் என்றார் பனிக்கரடி. என் கொண்டை ஊசிகளையும் கேட்டார். ஏழு. எண்ணிக் கொடுத்தேன். ஆகவே அவை பறப்பதற்கு வாய்ப்பே இல்லை என்பது இந்தக் கணத்திலேயே நிரூபணமாகிறது. முடியைப் பின்னால் முடிச்சுப் போட்டுக்கொண்டு, முதுகை நிமிர்த்தி உள்ளே போனேன்.

பேராசிரியர் எழுந்து தன் ஸ்டூலை எனக்குக் கொடுத்தார். ஒல்லியான மனிதர், ஸ்வெட்டரின் முழங்கையில் ஓட்டை. "வாங்கம்மா. உங்களைப் பத்திப் பொடிசு நிறைய சொல்லியிருக்கா" என்றார். வேலை செய்யும் இடத்திலும் அவள் பொடிசுதான் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஒத்திகை பார்த்த முதல் வாக்கியம் அப்போதே மறந்துபோனது.

பிறகு அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். கடிதத்தில் இருந்த அந்த வரியை அவர் ஒரு கணமும் நம்பவில்லை. ஆனால் மாநாட்டுக்கு இன்னும் ஒன்பது நாள். காந்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் அவள் மேடை ஏறினால், முன்வரிசையில் உட்காரப்போகிறவர்கள் அதே வரியை உரக்கச் சொல்வார்கள். அது ஒருமுறை ஒட்டிக்கொண்டால் அவள் இனி எதை அளந்தாலும் போகாது. பொடிசு மேசை ஓரத்தைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள்.

தம்பிதான் முதலில் வாயைத் திறந்தான். பல் மருத்துவனின் புத்தி. "வலி இருக்குன்னு ஒருத்தர் சொல்றார், ஆனா அந்தப் பல்லைத் தட்டினா வலிக்கலன்னா, நான் பக்கத்துப் பல்லைப் பார்ப்பேன்" என்றான்.

பனிக்கரடி அவனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக, எலெக்ட்ரான்கள் சில்லின் நடுவில்தான் ஓடுகின்றன, காந்தமானியோ சில்லு முழுவதையும் பார்க்கிறது என்றார். நடுவில் ஒன்றுமில்லை, மொத்தத்தில் இருக்கிறது என்றால், ஓரத்தில் இருக்கிறது.

ஓரத்தைத் தொடுவது எது? நான்கு பேரும் ஒரே நேரத்தில் மேசையின் மேல், வெல்வெட் உறையில் கிடந்த என் சாமணத்தைப் பார்த்தார்கள்.

"அது எலும்பு" என்றாள் பொடிசு. "இரும்பே கிடையாது. எங்க அத்தையோடது."

எல்லாருக்கும் மூச்சு வந்தது. அடுத்து என்னவாக இருக்கலாம் என்று பேசத் தொடங்கினார்கள்.

நான் மட்டும் சாமணத்தின் முனைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

7.

வாசகரே, இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விட எனக்கு ஆசை. மூன்று முறை தாண்டியும் பார்த்தேன்.

(அடித்தது: "அப்போது பனிக்கரடிக்கு ஒரு யோசனை தோன்றி, அவர் தானாகவே சாமணத்தை—")

(அடித்தது: "பேராசிரியர் உருப்பெருக்கியின் கீழே வைத்துப் பார்த்தபோது தற்செயலாக—")

(அடித்தது: "அந்தச் சாமணம் தபாலில் வந்த வழியில்—")

எதுவும் நிற்கவில்லை. நடந்தது இது. சாமணத்தை அனுப்புவதற்கு முந்தின நாள், எலும்பு முனைகள் தேய்ந்து மழுங்கியிருப்பதைப் பார்த்தேன். மழுங்கின பொருளைப் பரிசாகக் கொடுப்பது எங்கள் குடும்பத்தில் இல்லை. சமையலறை இழுப்பறையில் ஒரு அரம் இருந்தது. அன்று காலையில்தான் அதைக் கொண்டு வீட்டு கேட்டின் கீலை அராவியிருந்தேன். ஒரு மாதமாகக் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. அதே அரத்தைத் துணியால் துடைத்தேன். இரண்டு முறை துடைத்தேன். பிறகு எலும்பு முனைகளை அராவிக் கூராக்கி, வெல்வெட்டில் வைத்துக் கட்டினேன்.

எலும்பில் நுண்ணிய துளைகள் உண்டு. தூசி போய் உட்கார்ந்தால் துணிக்கு வராது. இதை நான் என் துறையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பெடுத்திருக்கிறேன்.

அரத்தைப் பற்றி உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் நான். தம்பி அன்று கடைக்குப் போயிருந்தான். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இவர்கள் ஹீலியம், கம்பி, பசை என்று ஒன்பது நாளும் தேடியிருப்பார்கள். சாமணத்தை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஏனென்றால் அது எங்க அத்தையோடது.

நான் எவ்வளவு நேரம் யோசித்தேன் என்பதைக் கதையில் எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. அந்த அறையில் ஒரு பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. அது பதினாறு முறை மூச்சு விட்டது. அவ்வளவுதான்.

8.

ஸ்டூலிலிருந்து எழுந்தேன். உட்கார்ந்துகொண்டு சொல்கிற விஷயம் இல்லை அது.

"அதை நான் அராவியிருக்கேன்" என்றேன்.

பொடிசு என்னைப் பார்த்தாள். "எதால அத்தை?"

"அரத்தால."

"எந்த அரம்?"

"கேட் கீலுக்குப் போட்ட அரம். அதே நாள்."

அவள் முகத்தில் என்னென்னவோ வந்து போனது. எட்டு மாதம், பதினொரு சில்லு, மூன்று வாரம் எழுதிய பத்தி, எல்லாம் அந்த முகத்தைக் கடந்து போனதை நான் நின்றபடி பார்த்தேன். பிறகு மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தாள். தோள் குலுங்கியது. தம்பி பதறி எழுந்தான்.

சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எட்டு மாசமா நான் அளந்தது நம்ம வீட்டு கேட்டையா?" என்றாள். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பதினோரு தடவை! அப்பா, அந்த கேட் எவ்வளவு ஒழுங்கா ஒரே மாதிரி பதில் சொல்லிச்சு தெரியுமா?"

"நல்ல இரும்பு. எங்க அப்பா போட்டது" என்றான் தம்பி.

ஊகம் வேறு, நிரூபணம் வேறு. பனிக்கரடி படலமே இல்லாத இரண்டு வெற்றுச் சில்லுகளைக் கொண்டுவந்தார். ஒன்றைப் பிளாஸ்டிக் இடுக்கியால் எடுத்துப் போட்டார். ஒரு மணி நேரம். திரையில் காந்தத்துக்குரிய வளைவு எதுவும் இல்லாமல் ஒரு நேர்கோடு. இன்னொன்றை என் சாமணத்தால் இரண்டு முறை பிடித்து விட்டுப் போட்டார். காந்தப் புலம் ஏறும்போது கோடு ஒரு வழியாகப் போனது, இறங்கும்போது வேறு வழியாக வந்தது. நடுவில் ஒல்லியான இலை போல ஓர் இடைவெளி. பொடிசு பதினொரு முறை பார்த்த அதே இலை.

[பொடிசு பென்சிலில்: "இந்த இடத்துல நீங்க ஸ்கிரீனைப் பாத்து, 'அழகா இருக்கு'ன்னு சொன்னீங்க. அதை ஏன் எழுதலை?"]

(எழுதாததற்குக் காரணம், அது பொருத்தமற்ற பேச்சு. ஆனால் சொன்னேன்.)

அந்த இலைக்கு எவ்வளவு இரும்பு வேண்டும் என்று பேராசிரியர் கணக்குப் போட்டுக் காட்டினார். நான் கையாண்ட மிகச் சிறிய எடை ஒரு மில்லிகிராம்; ஊதினால் பறந்துவிடும். அதை இருபதாயிரம் பங்காக்கினால் வருகிற ஒரு பங்கு. முப்பத்தொரு வருஷத்தில் நான் பிடித்த எந்தப் பொய் எடையும் அவ்வளவு சின்னதாக இருந்ததில்லை. எவ்வளவு சின்னதானாலும் பொய் எடை பொய் எடைதான் என்று கடைக்காரர்களிடம் நான் சொல்வதுண்டு. அன்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

9.

மன்னிப்பு வாங்க வந்தவள் எதை வாங்கிக்கொண்டு திரும்புவது என்பது இனிப் பிரச்சினை.

பேராசிரியர் தொண்டையைக் கனைத்தார். கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும், அதில் மாற்றமில்லை. ஆனால் காரணத்தை விரிக்க வேண்டியதில்லை. "சில்லைக் கையாளும்போது ஏற்பட்ட மாசு" என்று ஒரு வரி போதும், மாநாட்டுப் பேச்சையும் உடல்நிலையைச் சொல்லி ரத்து செய்துவிடலாம் என்றார். என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "வீட்டு விஷயம் வெளிய போக வேண்டாம்மா" என்றார். நல்ல மனிதர். மீசை வைத்ததற்கு இன்னொரு முறை வருந்துகிறேன்.

பொடிசும் ஒரு வரி போதும் என்றாள். அவளுக்கு எது வேண்டும் என்று எனக்குத் தெரியும். முழுக் கதையையும் சொன்னால், அந்தக் கடிதத்தின் வரி தானாக உதிர்ந்துவிடும். அவள் விதியை மீறவில்லை, விரும்பிய விடையை வரவழைக்கவில்லை என்பது ஊருக்கே விளங்கும். ஒரே வரியில் முடித்தால் சந்தேகம் அப்படியே கிடக்கும். அதற்குத்தான் அவள் சம்மதித்தாள், என் அரத்தை முந்நூறு பேர் பார்க்கும் திரையில் போட மனமில்லாமல்.

"கையாளும்போது ஏற்பட்ட மாசுன்னா, கையாண்டது யாரு?" என்று கேட்டேன்.

"நான்தான் அத்தை."

"அப்ப அது பொய். மாசு பண்ணினது நான். பதிவுல அப்படித்தான் இருக்கணும்."

அவள் மறுத்தாள். தம்பி, "அக்கா, சொந்தக்காரங்க காதுக்குப் போனா..." என்று இழுத்தான். அவனைப் பார்த்தேன், நிறுத்தினான். கடைக்காரர் ஒருவர் தன் தராசில் பிசகு இருக்கிறது என்று தானே எடுத்து வந்தால் அவர் மேல் வழக்குப் போட மாட்டோம், துறை வழக்கம் அது. நாங்களாகக் கண்டுபிடித்தால்தான் வழக்கு. இதைச் சொல்லி ஒரு தாள் கேட்டேன். பேராசிரியர் கொடுத்தார். அரம், கீல், துணி, நேரம் எல்லாவற்றையும் ஒன்றரைப் பக்கத்தில் எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டேன். பொடிசு அதைப் படித்து, கட்டுரையைத் திரும்பப் பெறும் அறிவிப்பில் "ஆய்வாளரின் உறவினர் ஒருவர்" என்று குறிப்பிடலாமா என்று கேட்டாள்.

"முதுநிலை எடை அளவு ஆய்வாளர், ஓய்வு" என்று போடச் சொன்னேன். தப்புச் செய்தவரின் பதவியாவது சரியாக இருக்க வேண்டும்.

அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். எங்கள் குடும்பத்தில் அது வழக்கமில்லை. கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நேராக நின்றேன்.

கிளம்பும்போது ஊசிகளை எண்ணி வாங்கினேன். ஏழும் இருந்தன.

10.

மாநாட்டுக்கு அவள் போனாள். கண்டுபிடிப்பைப் பற்றிப் பேசவில்லை. கேட்டைப் பற்றிப் பேசினாள். கடிதம் எழுதியவர்கள் முன்வரிசையிலிருந்து எழுந்து வந்து கைகொடுத்தார்களாம். திரும்பிப் போனதும் தங்கள் இடுக்கிகளையெல்லாம் சோதித்துப் பார்த்ததாக எழுதினார்கள். என்ன கிடைத்தது என்று எழுதவில்லை.

இனி முடிவு. மூன்று முடிவுகள் எழுதி வைத்திருந்தேன்.

(அடித்தது: "பிளாஸ்டிக் இடுக்கியால் எடுத்த புதிய சில்லிலும் காந்தம் இருந்தது, எலெக்ட்ரான்கள் ஒரு பக்கமாக ஒதுங்கின, அத்தையும் மருமகளும்—" ஆசைக்கு எழுதியது.)

(அடித்தது: "காந்தம் இல்லை. ஆனால் இல்லை என்று உறுதியாகச் சொல்வதும் ஒரு—" ஆறுதலுக்கு எழுதியது.)

(அடித்தது: "எலெக்ட்ரான்கள் யாரும் எதிர்பாராத எதையோ செய்தன. அது என்னவென்றால்—" இதற்குப் பிறகு எழுத எனக்கு அறிவியல் போதவில்லை.)

[பொடிசு பென்சிலில்: "மூணாவதை முடிங்க அத்தை. எனக்கே தெரிஞ்சுக்கணும்."]

முடிக்க முடியாது. இதை எழுதும் நேரத்தில் புதிய சில்லு இயந்திரத்துக்குள் இருக்கிறது, பனிக்கரடி ஹீலியம் ஊற்றிவிட்டார், விடை வெள்ளிக்கிழமை. அளந்து முடியாத ஒன்றுக்கு நான் எண் எழுத மாட்டேன். நான் விரும்பிய முடிவை வரவழைத்தேன் என்று யாரும் சொல்ல இடம் கொடுக்க மாட்டேன். வெள்ளிவரை பொறுக்காதவர்கள் மேலே இருக்கும் மூன்றில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எதைக் கொண்டு எடுக்கிறீர்கள் என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. அவமானம் தாங்காமல் நான் அந்த அரத்தைக் கொண்டுபோய் ஆற்றில் வீசிவிட்டதாகத் தம்பி சொல்லித் திரிகிறான். தவறு. அரம் சமையலறையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது. பிடியில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டி, "இரும்புக்கு மட்டும்" என்று எழுதி, சுருக்கொப்பம் போட்டிருக்கிறேன்.